வராதவரை வரைந்தவள்

எங்கள் மூவரில் ஓவியக்காரிக்குப் பட்டப்பெயர் சீவல். பள்ளிக்கூட நாளில் அவள் பையைக் கவிழ்த்தால் புத்தகத்துக்கு முன்னால் பென்சில் சீவல்தான் கொட்டும். பிறகு நான் அச்சகத்துக்குப் போனேன், இன்னொருத்தி மாட்டு டாக்டரானாள். சீவல் மட்டும் யாருக்கும் கைகட்டி நிற்க மாட்டேன் என்று வீட்டு ஜன்னலோரம் மேசை போட்டு, வருகிற படத்தையெல்லாம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளைத் தேடி வந்ததில் ஒரு விசித்திரமான வேலை உண்டு. குடும்பமாகச் சுற்றுலா போய் எடுத்த படத்தை அனுப்பி, "இதுல எங்கப்பாவையும் சேர்த்து வரைஞ்சு குடுங்க" என்பார்கள். உடம்புக்கு முடியாமல் வீட்டிலேயே தங்கியவர்கள், ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாரையும் அருவிக்கு முன்னாலும் கோட்டை வாசலிலும் நிற்கவைத்துவிடுவாள். படம் கைக்கு வந்ததும் அழுதுகொண்டே போன் செய்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை.

சென்ற வருடம் அவள் கணவர் இறந்துபோனார். நிலம் அளக்கிற சர்வேயர். வயலில் கருவியை நிறுத்திவிட்டு, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவர் எழவில்லை. அதன்பின் நாங்கள் கூப்பிட்டால் "ம், இருக்கேன்" என்று வைத்துவிடுவாள்.

மாட்டு டாக்டர் குடும்பத்தோடு மலைக்குப் போய் வந்த கையோடு எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்தாள். வழியெல்லாம் தூங்கிய மாமனாரைப் பற்றிச் சொன்னாள்.

"உச்சியில எழுப்பி விட்டோம்டி. ஒரு பார்வை பாத்துட்டு, 'நம்ம மொட்டை மாடியே தேவலாம்'னு மறுபடி தூங்கிட்டாரு!"

சீவலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்கும்போதே, "நாங்களும் போனோம்" என்றாள்.

கடலோர ஊருக்குக் கணவர் முன்பே மூன்று டிக்கெட் எடுத்திருந்தாராம். ரத்து செய்யலாம் என்றதற்கு மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா போட்ட டிக்கெட்டும்மா." ரயிலில் அவர் இருக்கையில் மகள் தன் பையை வைத்துக்கொண்டாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "நான் எதுவும் சொல்லலடி. ரொம்ப நேரம் ஜன்னலையே பாத்துட்டு, எம் பொண்ணே பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டா."

கடற்கரையில் யாரோ இருவரையும் படம் எடுத்துக் கொடுத்தார்கள். ஊர் திரும்பியதும் சீவல் அந்தப் படத்தை மேசையில் வைத்தாள்.

"எத்தனை பேருக்கு வரைஞ்சிருப்பேன்! இவருக்குக் கை ஓடல. மூஞ்சி போட்டோவுல இருக்கு. எப்படி நிப்பாருன்னு ஞாபகம் வரல. கூடவே வாழ்ந்திருக்கேன், தெரியல."

மகள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். எழுந்து வந்து, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, இடுப்பில் கையை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கருவி வழியாகப் பார்த்துப் பார்த்துப் பழகியவர், வெறும் சுவரைக் கூட அப்படித்தான் பார்ப்பாராம். சீவல் மகளைப் பார்த்துக் கணவரை வரைந்தாள். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது.

"நல்லா வந்துச்சா?" என்று கேட்டேன்.

"அவரேதான். ஆணி எடுத்துட்டு வந்தேன். அவ, 'மாட்டாதம்மா'ன்னுட்டா. 'பாக்குறவங்க அப்பாவும் வந்தாருன்னு நெனச்சுப்பாங்க. அப்பா வரலைல?'ன்னா."

டாக்டர் எழுந்து அடுப்படிப் பக்கம் போனாள். அங்கே குழாய் வெகுநேரம் ஓடியது.

"அப்போ அந்தப் படம்?"

"பீரோவுல இருக்கு. அப்புறம் அந்த வேலைக்கு யார் கேட்டாலும் முடியாதுன்னுட்டேன். குடுக்குறப்ப எல்லாம் நல்லது செய்யறோம்னு நெனச்சேன். இப்பத் தெரியலடி. அவங்க வீட்டுலயும் ஒரு குழந்தை இருந்திருக்கும்."

இப்போது பாடப்புத்தகத்துக்குத் தவளை வரைகிறாளாம். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிய டாக்டர், பின்னங்காலில் எத்தனை விரல் என்று அதட்டலாகக் கேட்டாள். "அஞ்சு. போடி, எனக்குத் தெரியும்" என்றாள் சீவல்.

மகள் பள்ளி விட்டு வரும் நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். பேருந்து நிறுத்தம்வரை கூடப் போனேன். அவள் பையை வாங்கிச் சுமந்துகொண்டேன்.