கல்யாணியம்மா ஏன் திருட வேண்டும்?

1. காலை ஏழு மணிக்கு ஒரு திருடி தேவை

"ரைட்டரம்மா, இன்னிக்கு கல்யாணி நகையத் திருடுது. எட்டு மணிக்குள்ள சீன் பேப்பர் குடுத்துடு. நாஸ்தா துன்னுகினே எழுது, ஒண்ணும் அவசரமில்ல."

புரொடக்‌ஷன் மேனேஜர் ஏகாம்பரம் இப்படிச் சொன்னதும் கையில் இருந்த இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். எட்டு மணிக்குக் கேட்பாராம், அவசரமும் இல்லையாம்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு வாடகை பங்களாவில் ஷூட்டிங். தொண்ணூறுகளின் கடைசியில் ஆரம்பித்து ஏழெட்டு வருடம், செங்கல்பட்டில் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய், டீவி சீரியல்களுக்கு வசனம் எழுதினேன். அதற்கு முன்னால் டைப்பிஸ்ட் வேலை. வார இதழ்களில் நாலைந்து சிறுகதை வந்திருந்ததால் கூப்பிட்டார்கள். கதை சேனலில் முடிவாகும். ஒவ்வொரு நாளும் என்ன நடக்கிறது என்பதை ஒரே வரியில் எழுதிக் கொடுப்பார்கள், அதற்கு ஒன்லைன் என்று பெயர். அதை சீனாக்கி, ஆட்களைப் பேச வைப்பது என் வேலை.

கல்யாணி யார் என்று சொல்லிவிடுகிறேன். சீரியலில் வரும் பெரிய வீட்டுச் சமையல்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பிள்ளை குட்டி கிடையாது. அந்த வீட்டில் உடைத்த தேங்காயில் ஒரு மூடியைக்கூட எடுத்துப் போகாதவள். பெரிய மருமகள் ஒருநாள் பழைய புடவையைக் கொடுத்தபோது, "கேட்டு வாங்கினா என்னுது, நீங்களா குடுத்தா உங்களுது" என்று திருப்பிக் கொடுத்தவள். நூற்று எண்பது எபிசோடாக அவளை அப்படி எழுதியவள் நான். இன்றைக்குக் காலை இட்லி தின்று முடிப்பதற்குள் அவளைத் திருடியாக்க வேண்டுமாம்.

2. டேட் இல்லை

காரணம் கேட்டால் உங்களுக்கும் வயிறு எரியும்.

வைர நெக்லஸைத் திருட வேண்டியவள் வில்லியான சின்ன மருமகள். இரண்டு மாதமாக அதற்காகவே அவளை பீரோவைச் சுற்றி நடக்க விட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை எபிசோடில் பெரிய மருமகள் பீரோவைத் திறக்கிறாள், நெக்லஸைக் காணோம், அலறுகிறாள், தொடரும். அது ஒளிபரப்பாகியும் விட்டது. அதற்குப் பிறகுதான் தெரிந்தது, சின்ன மருமகளாக நடித்த பெண் சினிமா சான்ஸ் கிடைத்து வெளியூர் போய்விட்டாள் என்று. ஒரு மாதத்துக்கு டேட் கிடையாது, அதாவது ஷூட்டிங்குக்கு ஒருநாள்கூட வர மாட்டாள். அவளை வைத்துத் திருட்டு சீனை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நகையைத் தொலைத்தாயிற்று, திருடியைக் காணோம்.

சனிக்கிழமை காலையில் கால்ஷீட்டைப் பார்த்தார்கள். அன்றைக்கு டேட் கொடுத்திருந்தவர்களில் அந்த வீட்டுக்குள் நடமாடக்கூடியவள் கல்யாணி ஒருத்திதான். முடிந்தது. தலையில் கட்டிவிட்டார்கள்.

டைரக்டரிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை, காதுதான் கேட்காது.

"மேடம், இதுல ஒரு ஷாக் இருக்கு. யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க."

"நீங்க இப்ப கடல்ல இறங்கி அந்தமானுக்கு நீந்திப் போனாக்கூடத்தான் யாரும் எதிர்பார்க்க மாட்டாங்க. அது கதையா?"

"கோபப்படாதீங்க. அவ பையனுக்கு ஆபரேஷன்னு வச்சுக்கலாம். சென்டிமென்ட்டும் ஆச்சு."

"அவளுக்குப் பையனே இல்லைங்க. அதுக்காகத்தான் புருஷன் விட்டுட்டுப் போனான். நாம எடுத்திருக்கோம், நீங்கதான் டைரக்ட் பண்ணீங்க."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப தத்துப் பையன்" என்றார்.

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? நடுவில் புகுந்த ஏகாம்பரம், "இன்னாம்மா நீ, கேரக்டரு கேரக்டருன்னு பேஜாரு பண்ணிகினு கீற. வெயிலு ஏறிகினு கீது, யூனிட்டு மொத்தமும் குந்திகினு கீது. கதைக்குத் தேவைப்படுது, எழுதிக் குடேன்" என்றார்.

கதைக்கா தேவைப்பட்டது? கால்ஷீட்டுக்குத் தேவைப்பட்டது. அதை நான் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போய் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

3. கோமளா கேட்ட கேள்வி

கல்யாணியாக நடித்தவர் கோமளா. மதுராந்தகத்துக்காரர், என்னைவிட மூத்தவர். பதினைந்து வருடம் சினிமாவில் கும்பலோடு நின்றவர், கல்யாண வீட்டுக் கூட்டம், இழவு வீட்டுக் கூட்டம், எல்லாவற்றிலும். பெயர் வைத்த வேஷம் அவருக்கு இதுதான் முதல். அதற்குப் பிறகுதான் அவருடைய தெருவில் அவரை ஆள் என்று மதித்தார்களாம்.

பேப்பரை ஜெனரேட்டர் வண்டிப் பக்கம் நின்று படித்தார். இரண்டு தடவை படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னாத்துக்கும்மா நான் எடுத்தேன்?"

"தத்துப் பையனுக்கு ஆபரேஷன்னு..."

"அத்தப் படிச்சேன். அந்தப் புள்ள எப்ப வந்துச்சு? நூத்தி எண்பது நாளா அத்த எங்க வச்சிருந்தேன்? பெரிய மருமவளக் கேட்டா அவங்களே குடுப்பாங்களே, ஏன் கேக்கல?"

கதை எழுதுகிறவள் நான். கேட்டிருக்க வேண்டிய மூன்று கேள்வியையும் ஒரு நடிகை வெயிலில் நின்றுகொண்டு கேட்கிறார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க கோமளாம்மா" என்றேன். இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஷாட் வைத்தார்கள். நெக்லஸ் காணாமல் போவதற்கு முந்தைய நாள் நடந்ததாக ஃப்ளாஷ்பேக். பீரோவைத் திறந்தார், கை நெக்லஸ் வரை போனது, நின்றுவிட்டது. கட். இரண்டாவது டேக், அதே இடத்தில் கை நின்றது. நாலாவது டேக்கில் நகைப் பெட்டியை மூடி, பீரோவையும் சாத்திவிட்டு, முந்தானையால் கைப்பிடியைத் துடைத்தார். கல்யாணி தினமும் செய்வது அதுதான்.

"என்னால முடில சார்," என்றார். "அவ எடுக்க மாட்டா."

ஏகாம்பரத்துக்கு எரிச்சல். "எடுக்கலன்னா போட்டோவுக்கு மால போட்டுருவாங்க, பாத்துக்க."

இது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். ஒரு ஆர்ட்டிஸ்ட் டேட் தராவிட்டாலோ, தகராறு செய்தாலோ, அந்தப் பாத்திரத்தை லாரியில் அடிபட வைத்து, ஹால் சுவரில் போட்டோவை மாட்டி மாலை போட்டுவிடுவார்கள். அந்த மிரட்டலுக்கு மசியாத ஆளை அதுவரை நான் பார்த்ததில்லை.

கோமளா சொன்னார், "போட்டுக்கோ நைனா. செத்துப்போறேன். திருடி ஆக்காத." பிறகு கொஞ்சம் யோசித்து, "கண்ணு மூடிகினு இருக்கிற போட்டோவ மாட்டாத, நல்லதா ஒண்ணு பாத்து மாட்டு" என்றார்.

காட்டன் புடவையை மடித்துக் காஸ்ட்யூமரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். திரும்ப அந்தக் கம்பெனியில் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வேறு கம்பெனிகளுக்கும் சொல்லி வைத்தார்கள்.

4. போட்டோவுக்கு டேட் தேவையில்லை

இத்தோடு விட்டிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

கல்யாணியை லாரியில் அடித்தார்கள். செங்கல்பட்டு போட்டோ ஸ்டுடியோவில் பெரிதாகப் போட்ட படத்துக்கு மாலை போட்டார்கள். மறுநாள் வந்த ஒன்லைன் இது: 'பெரிய மருமகள், கல்யாணியின் டிரங்குப் பெட்டியில் நெக்லஸைக் கண்டெடுத்து, போட்டோ முன் அழுகிறாள்.'

செத்தவள் மேல் திருட்டுப் பட்டம்! அவள் வந்து இல்லை என்று சொல்லப் போகிறாளா? போட்டோ பேசாது, சம்பளம் கேட்காது. டைரக்டர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாத்தீங்களா மேடம், எல்லாம் கூடி வந்துடுச்சு" என்றார்.

நான் சண்டை போட்டேன். பேனாவை மேஜையில் எறிந்தேன். "நீ எழுதாங்காட்டி அசிஸ்டென்ட்டு எழுதுவான், இன்னா இப்ப?" என்றார் ஏகாம்பரம். பேனாவைத் தேடி எடுத்து நானே எழுதினேன். எழுதியது மட்டுமில்லை, நன்றாக எழுதினேன். யாரோ கத்துக்குட்டி எழுதிக் கெடுப்பதற்கு நான் எழுதினால் அவளுக்கு ஒரு கௌரவமாவது இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா கழுத்திலிருந்தே கழட்டித் தந்திருப்பேனே கல்யாணி" என்று மருமகள் அழும் வசனம் என்னுடையது. லைட்மேன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

5. மதுராந்தகம் பிளாட்பாரம்

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு மதுராந்தகம் போனேன். ரயிலுக்குக் காத்திருந்தபோது கோமளா காய்கறிப் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வேலை ஒன்றும் இல்லை, மகள் வீட்டோடு இருப்பதாகச் சொன்னார். நான் பேச்சை எங்கெங்கோ திருப்பினேன். கடைசியில் பொறுக்கமாட்டாமல், "அந்தப் போட்டோ சீன் நான் எழுதினதுதான் கோமளாம்மா" என்றேன்.

"தெரியும்," என்றார். "மருமவ அழுவுறாளே, அந்த டயலாக்கு ரொம்ப நல்லாக் கீது. பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க எல்லாம் எங்கூடதான் குந்திகினு பாத்தாங்க. நான் இல்ல, அவ எடுக்கவே இல்லன்னு எவ்ளவோ சொன்னேன். யாரும் நம்பல. நீ அவ்ளோ நல்லா எழுதிகினு கீற."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே பாராட்டினார்.

எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கதைக்குத் தேவை என்று யாராவது சொன்னால், அது எவனுடைய தேவை என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். கேட்கத் தைரியம் இல்லாவிட்டால், மோசமாகவாவது எழுதித் தொலையுங்கள். நான் நன்றாக எழுதினேன். கோமளா வேலையை விட்டுக் காப்பாற்றியவளை நான் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத் திருடியாக்கினேன்.