சிவப்பு மையில் அடித்த பத்து

பினாயில் வாசம்... கூடவே திரேஸ்புரம் பக்கமிருந்து காற்று கொண்டுவரும் கருவாட்டு வாசம். காலை பதினொரு மணிக்கு எங்கள் ஆண்கள் வார்டில் இரண்டும் கலந்து நிற்கும். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் பினாயில் மணந்தால் எனக்குக் கருவாடும் சேர்ந்தே மணக்கிறது.

தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அந்தப் பெருமையை அவர்களுக்கு நான் ஏன் தர வேண்டும்? நாசரேத்து வாத்தியார் வீட்டுப் பிள்ளை, பி.எஸ்சி. நர்சிங்கில் முதல் வகுப்பு. அங்கே எனக்குக் கிடைத்த பட்டம் "ஆம்பள நர்ஸ்".

அந்த வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. நாடி பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், காய்ச்சல் பார்ப்பார்கள். மூச்சை மட்டும் யாரும் எண்ண மாட்டார்கள். சார்ட்டில் எல்லோருக்கும் நிமிஷத்துக்கு 20. தாத்தாவுக்கும் 20, பேரனுக்கும் 20.

நான் எண்ணுவேன். நாடி பிடிப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை நெஞ்சின் மேல் வைத்து, ஒரு முழு நிமிஷம். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மனுஷன் மூச்சை மாற்றிவிடுவான், அதனால்தான் இந்த நடிப்பு. உடம்பு கெடப்போகிறது என்றால் பல நேரம் முதலில் மாறுவது மூச்சுதான். பிரஷர் கடைசிவரை நல்ல பிள்ளையாக நடிக்கும். இதைச் சொன்னதற்கு "மூச்சு வாத்தியார்" என்று இன்னொரு பட்டம்.

சூசையண்ணன் வந்து சேர்ந்தார். சங்கு குளிக்கிறவர். வள்ளத்துக்கும் அதைக் கட்டும் கரைப் பாலத்துக்கும் நடுவே கால் சிக்கி எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து படுக்க வைத்திருந்தார்கள். எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன். பத்துதான். ஆயுசு பூராவும் மூச்சடக்கிப் பழகிய நெஞ்சு.

என் தந்திரம் அவரிடம் மட்டும் பலிக்கவில்லை.

"நாடி புடிக்க மாரி மூச்சையில்லா எண்ணுதிய? நாங்க கடல்ல முங்குனா, எங்களுக்கும் மேல வள்ளத்துல ஒருத்தன் கயித்தப் புடிச்சிக்கிட்டு எண்ணுவான் தம்பி. அது மச்சானாத்தான் இருக்கணும். தங்கச்சி தாலிய நெனச்சாவது கயித்த விடமாட்டான்லா."

சார்ட்டில் 10 என்று எழுதினேன். இன்சார்ஜ் சிஸ்டர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு 20 போட்டார். பத்து என்று இருந்தால் இன்ஸ்பெக்‌ஷனில் கேள்வி வருமாம். மூன்று நாள் நான் 10 எழுதினேன், மூன்று நாளும் அவர் அடித்தார்.

நாலாம் நாள் பதினொரு மணி. பிரஷர் சரி. காய்ச்சல் இல்லை. ஆக்சிஜன் 95. அண்ணன் சிரித்துக்கொண்டுதான் பேசினார், ஆனால் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசினார்.

எண்ணினேன். இருபத்தாறு.

டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். என்னைவிட இரண்டு வயது சின்னவர். சங்கு குளிக்கிறவனுக்கு நெஞ்சு அப்படித்தான் ஏறி இறங்கும் என்றார். பெரிய டாக்டரைக் கூப்பிடுங்கள் என்றேன். "கூப்பிட்டு ஒண்ணும் இல்லன்னா, நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம்" என்றார்.

வேலை போனால் நாசரேத்துக்குத் திரும்பி அப்பா முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் கயிறு என் கையில் இருந்தது. நானே போன் செய்தேன்.

பெரிய டாக்டர் வந்தார். சார்ட்டைப் பார்த்தார். 20, 20, 20... இப்போது 26. கொஞ்சம்தானே கூடியிருக்கிறது என்பது போல நிமிர்ந்தார். நான் சிவப்புக் கோட்டுக்கு அடியில் விரலை வைத்தேன்.

"சார், இவருக்கு இருவது கிடையாது. பத்து. நான் எண்ணுனது."

அவர் அண்ணனின் காலைத் தொட்டார், நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தார், உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியது. கவனிக்காமல் விட்டு, சாயங்காலம் இன்னொரு பெரிய கட்டி போயிருந்தால் அண்ணன் இல்லை.

பத்தாம் நாள் ரவுண்ட்ஸில் அந்த டியூட்டி டாக்டர், தான் எப்படிக் கண்டுபிடித்தார் என்று பயிற்சி மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் டிரிப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சூசையண்ணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"இல்ல டாக்டர். மேல நின்னு கயிறு புடிச்சது அந்தா நிக்காவல்லா, அவிய. எனக்கு மச்சான் முறை."

வார்டே திரும்பி என்னைப் பார்த்தது. டாக்டருக்குக் காது சிவந்தது. இன்சார்ஜ் சிஸ்டர் கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பாக்கெட்டில் சொருகிக்கொண்டார். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பட்டமளிப்பு விழா நடக்கவில்லை.

டாக்டரும் சிஸ்டரும் இன்றுவரை ஒரு 'சாரி' சொன்னதில்லை. நானும் மன்னிக்கவில்லை. அவசரமும் இல்லை.

இப்போது நான் இன்னொரு ஆஸ்பத்திரியில் நர்சிங் சூப்பிரண்டு. கட்டிலுக்குக் கட்டில் மானிட்டர், மூச்சும் பச்சை எழுத்தில் தானாக ஓடுகிறது. சேரும் பிள்ளைகளை முதல் நாளே மானிட்டரைத் திருப்பி வைத்துவிட்டு ஒரு முழு நிமிஷம் எண்ணச் சொல்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்ன பட்டம் வைத்திருக்கிறார்களோ... வைக்கட்டும்.

சூசையண்ணனுக்கு அறுபது தாண்டிவிட்டது. கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பை நிறைய ஊளி மீனோடு வந்து, என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து கையை நீட்டுவார். போன வாரமும் வந்தார்.

"எண்ணும் மச்சான்."

எண்ணினேன். பன்னிரண்டு. வயசாகிறதல்லவா.

ஒரு சீட்டில் நீல மையில் எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டேன். இங்கே அதை அடிக்க ஆள் கிடையாது.