ஹெட் சிஸ்டர் செல்வமேரியும் இரண்டு மணி ஷிஃப்ட்டும்

மன்னார்புரத்தில் இறங்கி அற்புதசாமி டாக்டர் ஆஸ்பத்திரி எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். போர்டில் இப்போது வேறு பெயர் இருக்கிறது. அதை இங்கே எழுதினால் ஓசியில் விளம்பரம் செய்ததாகிவிடும். ஆஸ்பத்திரியை வாங்கியவர்கள் செய்த காரியத்துக்கு அது ஒன்றுதான் குறைச்சல். வெறுமனே கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த ஆஸ்பத்திரியின் ஹெட் சிஸ்டர் செல்வமேரி, பாலக்கரைக்காரி. அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், யூனியன் ஆள். மேலதிகாரி அறைக்குக் கூப்பிட்டால், உட்காரச் சொல்கிறவரை வாயைத் திறக்காமல் நிற்பாராம். மகளுக்கு அவருடைய மூக்கும் வந்தது, முரண்டும் வந்தது. கணவர் ஜேக்கப் நேர் எதிர். கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். வரிசையில் யாராவது முன்னால் புகுந்தால்கூட, “பாவம், என்ன அவசரமோ” என்று ஒதுங்கி நிற்கிற மனுஷன். இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் குடும்பம் நடத்தி ஒரு பெண்ணையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டு நிறுவனங்களை இணைப்பது எப்படி என்று கம்பெனிக்காரர்கள் இவர்களைக் கேட்டிருக்கலாம்.

செல்வமேரி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்று நடந்தது. மூலைக் கட்டிலில் இருந்த ஒரு பெரியவரைப் பற்றிக் காலை ஷிஃப்ட் மாலை ஷிஃப்ட்டிடம் சொல்லவில்லை. அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இவர்களும், இவர்கள் பார்த்திருப்பார்கள் என்று அவர்களும் இருந்துவிட்டார்கள். பெரியவர் பிழைத்தது தெய்வாதீனம். ஹெட் சிஸ்டர் ஆனதும் செல்வமேரி முதலில் போட்ட சட்டம் அதற்காகத்தான். போகிற சிஸ்டரும் வருகிற சிஸ்டரும் கட்டில் கட்டிலாகச் சேர்ந்து நடக்க வேண்டும். போகிறவள் நோயாளியின் பெயரைச் சொல்லி, என்ன நடந்தது, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிறவள் நோயாளி காது கேட்க “இனி என் பொறுப்பு” என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தை வராதவரை போகிறவள் போகக் கூடாது. சொந்தத் தங்கை கல்யாணமாக இருந்தாலும் சரி.

இப்படி நடந்துகொண்டிருந்த இடத்தைத்தான் டாக்டரின் வாரிசுகள் கம்பெனிக்கு விற்றார்கள். கம்பெனி அதோடு நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் கோபு டாக்டரின் நர்சிங் ஹோமையும் வாங்கியது. இரண்டும் ஒரே ஊர், எதற்கு இரண்டு வார்டு, எதற்கு இரண்டு சமையல்கட்டு என்று கணக்குப் போட்டது. ஸ்ரீரங்கத்தில் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். படுக்கை வேண்டுமென்றால் காவிரிப் பாலம் தாண்டி மன்னார்புரம் வர வேண்டும். அந்தப் பாலம் தாண்டித்தான் அங்கிருந்த சிஸ்டர்கள் எல்லாரும் வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் அவர்களுடைய ஹெட் சிஸ்டர் வேதவதி வந்தாள்.

வேதவதி ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிக்காரி. நெற்றியில் மெல்லிய ஸ்ரீசூர்ணக் கோடு, முகத்தில் மெல்லிய அதிருப்தி. அவர்கள் பக்கத்தில் ஷிஃப்ட் மாறுவதென்றால் மேஜையில் உட்கார்ந்து, எழுதி வைத்ததைப் படித்து, ஒரு வாய் காபியோடு முடிந்துவிடும். இங்கே கட்டில் கட்டிலாக நடப்பதைப் பார்த்ததும் வார்டே கேட்கும்படி சொன்னாள்.

“இதென்ன சிஸ்டர், கன்னிகாதானமா? ஒவ்வொருத்தரையா தாரை வார்த்துக் குடுக்கறேளே!”

ஸ்ரீரங்கத்து சிஸ்டர்கள் சிரித்தார்கள். செல்வமேரிக்குச் சுருக்கென்று இருந்தது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. மறக்கிற சுபாவமும் இல்லை.

பிறகு முட்டை வந்தது. சமையல்கட்டு ஒன்றானதில், ஏகாதசிக்குப் பல்லில் தண்ணீர்கூடப் படாத ஒரு ஸ்ரீரங்கத்து மாமியின் தட்டில் அவித்த முட்டை போய் உட்கார்ந்துவிட்டது. வேதவதி அந்தத் தட்டை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் சுற்றிக் காட்டினாள். தட்டை அனுப்பியது செல்வமேரியின் ஆட்கள். மன்னிப்புக் கேட்டது செல்வமேரி. அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. இந்தப் பக்கத்து ஜெபமும் அந்தப் பக்கத்து சஹஸ்ரநாமமும் காலையில் ஒரே நேரத்தில் ஒலித்து அதிலும் தகராறு. கம்பெனி இரண்டையும் நிறுத்திவிட்டு இங்கிலீஷில் ஓர் உறுதிமொழி வாசிக்கச் சொன்னது. எல்லாரும் உதட்டை மட்டும் அசைத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு கூட்டத்துக்கும் ஒற்றுமை.

இந்த நிலைமையில் கம்பெனியின் மனிதவள அதிகாரி பிரவீன்ராஜ் செல்வமேரியைக் கூப்பிட்டான். நல்ல இஸ்திரி போட்ட பையன். சிரித்துக்கொண்டேதான் பேசுவான்.

“ஒரு வார்டுக்கு ரெண்டு ஹெட் சிஸ்டர் இருக்க முடியாது மேடம். போஸ்ட் ஒண்ணுதான். நீங்க ரெண்டு பேருமே புதுசா அப்ளை பண்ணணும். இன்டர்வியூ இருக்கு.”

“என் வேலைக்கு நானே அப்ளை பண்ணணுமா?”

“எல்லாருக்கும் ஒரே ரூல் மேடம். ஆனா உங்களுக்கு ஒரு வழி இருக்கு.” குரலைத் தாழ்த்தினான். “வேதவதி மேடம் வேலையில உள்ள குறையை எல்லாம் எழுதிக் குடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

எழுதுவதற்கு அவளிடம் விஷயமா இல்லை? கன்னிகாதானத்திலிருந்து முட்டைவரை வண்டி வண்டியாக இருந்தது. ஆனால் இந்தப் பையன் கேட்ட விதத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அவங்களுக்கும் எனக்கும் ஆயிரம் சண்டை தம்பி. அது ஒரே வேலை பார்க்கிறவங்க சண்டை. அதை உங்களுக்கு எழுதிக் குடுக்க நான் ஆள் இல்லை. இன்டர்வியூவுக்கும் வர மாட்டேன். என் வேலைக்கு நான் பிச்சை கேக்க மாட்டேன்.”

வீட்டில் ஜேக்கப் சோற்றில் கை வைத்தபடியே இருந்தார்.

“அந்த இன்டர்வியூவுக்கு மட்டும் போயிட்டு வாயேன் மேரி. என்ன குறைஞ்சிடப் போகுது?”

“நான்தாங்க குறைஞ்சிடுவேன்” என்றாள்.

அவர் அவள் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தார். அவரால் முடிந்தது அது.

அடுத்த வாரமே உத்தரவு வந்தது. செல்வமேரிக்கு ஓசூர் கிளைக்கு மாற்றல். அன்றே மதியம் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது வார்டை வேதவதியிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். படித்ததும் அவளுக்கு ஓசூர்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. வேதவதி எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேறென்ன? நான் எழுதவில்லை, அவள் எழுதிவிட்டாள். அழக் கூடாது, இவர்கள் முன்னால் சத்தியமாக அழக் கூடாது என்று வாஷ்பேசினில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

இரண்டு மணிக்கு வேதவதி வந்தாள். பின்னாலேயே பிரவீன்ராஜும் வந்தான், காரியம் முடிந்ததா என்று பார்க்க. வார்டில் இரண்டு பக்கத்து சிஸ்டர்களும் சுவரோரம் நின்றார்கள்.

செல்வமேரி வேதவதியின் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் கட்டிலுக்குப் போனாள். கடைசி நாளாக இருந்தாலும் முறை முறைதான்.

“இவங்க காளியாயி. ஜீயபுரம். வாழைக் கொல்லையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஆபரேஷன். ராத்திரி சரியாத் தூங்கல. வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க, முகத்தைப் பார்த்து நாமதான் தெரிஞ்சுக்கணும். சாயங்காலம் பிடிச்சு நடக்க வைக்கணும்.”

சொல்லிவிட்டு நின்றாள். வேதவதி சொல்ல வேண்டிய வார்த்தை வரவில்லை.

பிரவீன்ராஜ் கடிகாரத்தைப் பார்த்தான். “சொல்லிடுங்க மேடம்.”

“சொல்ல மாட்டேன்” என்றாள் வேதவதி.

செல்வமேரி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னையும்தானே தனியாக் கூப்பிட்டு, இவாளைப் பத்திக் குத்தம் எழுதிக் குடுன்னு கேட்டேள்? முடியாதுன்னேன். இப்ப இவாளை அனுப்பிட்டு நான் வந்து நின்னா, நான்தான் எழுதினேன்னு ஊரே நினைக்கும். இவாளும் நினைச்சாச்சு. மூஞ்சியப் பார்த்தாலே தெரியறது.” வேதவதி மூச்சு வாங்கிக்கொண்டாள். “இவா பேசறது எனக்குப் பிடிக்காது. அந்த முட்டை இன்னும் என் மனசை விட்டுப் போகல. ஆனா இவா வேலையில குத்தம் எழுதச் சொன்னா என் கை ஓடாது.”

பிரவீன்ராஜின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. சுவரோரம் திரும்பினான். “பிரான்சி, நீங்க டேக் ஓவர் பண்ணுங்க.” மன்னார்புரத்து சிஸ்டர் பிரான்சி தலையை ஆட்டி மறுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஸ்ரீரங்கத்துக் கமலினி, கேட்பதற்கு முன்பே, “நானும் சொல்ல மாட்டேன் சார்” என்றாள்.

இதற்குள் ஆபரேஷன் டாக்டர் எட்டிப் பார்த்தார். வார்டுக்குப் பொறுப்பு யார் என்று தெரியாமல் அடுத்த நோயாளியை உள்ளே எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அப்ப யார்தான் பொறுப்பு?” பிரவீன்ராஜ் குரல் உயர்ந்தது.

“நீங்க சொல்லுங்க தம்பி” என்றாள் செல்வமேரி. “ரெண்டு ஆஸ்பத்திரியும் உங்க கம்பெனி கைக்கு வந்து இத்தனை மாசமாச்சு. ஒருத்தராவது ஒரு கட்டில் பக்கத்துல வந்து நின்னீங்களா? இதோ காளியாயி. இவங்க முகத்தைப் பார்த்து, இனி என் பொறுப்புன்னு சொல்லுங்க. நான் இப்பவே ஓசூர் பஸ் ஏறிடறேன்.”

பிரவீன்ராஜ் காளியாயியைப் பார்த்தான். காளியாயியும் அவனைப் பார்த்தாள், தலையிலிருந்து ஷூவரைக்கும்.

“இந்தத் தம்பிக்கு என்னைத் தூக்கிப் பிடிச்சு நடக்க வைக்கத் தெரியுமா?” என்று செல்வமேரியைக் கேட்டாள்.

யாரும் சிரிக்கவில்லை. பிரவீன்ராஜ் செல்போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனான். அங்கே நடந்தபடி யார் யாரிடமோ பேசினான். வார்டு முழுக்க அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

“மாற்றல் உத்தரவை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்காங்க. ரெண்டு பேரும் இருக்கலாம்.”

இப்போதைக்கு என்ற வார்த்தை செல்வமேரி காதில் நன்றாகவே விழுந்தது. விழட்டும். மறுபடி உத்தரவு வந்தால் மறுபடி இதே கட்டில், இதே கேள்வி.

அவன் போன பிறகும் அவள் காளியாயி பக்கத்திலேயே நின்றாள். ஷிஃப்ட் முடிந்துவிட்டது, ஆனால் அந்த வார்த்தை இன்னும் வரவில்லையே. வேதவதி நகர்ந்து வந்து, காளியாயியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். குனிந்து, முகத்துக்கு நேராக, வார்டே கேட்கும்படி சொன்னாள்.

“காளியாயி, இனி என் பொறுப்பு.”

பிறகு செல்வமேரியிடம் திரும்பினாள். “நீங்க போய்ச் சாப்பிடுங்கோ. இன்னிக்கு ராத்திரியும் நானே இருந்து பார்த்துக்கறேன். கார்த்தால நேரத்துக்கு வந்துடணும். நான் குடுக்கறச்சே வாங்கிக்க நீங்க இங்கே இருக்கணும்.”