காலை ஊன்றாமல் நின்றவன்

ரொறன்ரோவில் இரண்டு சைக்கிள்களைக் களவு கொடுத்தவன் நான். மூன்றாவதாக வாங்கியது ஃபிக்ஸ்ட் கியர். சக்கரம் சுற்றும்வரை அதன் பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அன்று மத்தியானம் மீசை முறுக்கிய ஒருவன், பிரேக்கே இல்லாத சைக்கிளில் என் பின்னால் வந்தான். நான் திரும்பிய தெருவிலெல்லாம் திரும்பினான். சிவப்பு விளக்கில் நான் நிற்க, அவனும் பக்கத்தில் வந்து, காலை நிலத்தில் ஊன்றாமல் சைக்கிளிலேயே அசையாமல் நின்றான். பாயத்தான் நிற்கிறான் என்று நினைத்தேன். உடனே மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ஒரு கள்ளன் பின்னால வாறான். என்ரை சைக்கிளையே பாக்கிறான்."

"கள்ளன் இல்லை அண்ணை," என்றான் அவன், தமிழிலேயே. "உங்கட சப்பாத்து லேஸ் பெடலிலை சுத்துது. செயினுக்குள்ள போனா விழுத்திப்போடும். அதைச் சொல்லத்தான் கலைச்சுக்கொண்டு வாறன்."

தன் சைக்கிளைப் பூட்டாமல் நடைபாதையில் போட்டுவிட்டு, என் காலடியில் குந்தியிருந்து பெடலில் சுற்றிய லேஸை அவிழ்த்துக் கட்டிவிட்டான். நானோ என்னுடையதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். எழும்பும்போது அவன் என் கைகளைப் பார்த்தான். தன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

இப்போதெல்லாம் யாராவது பக்கத்தில் வந்து நின்றால், முதலில் என் லேஸைத்தான் பார்க்கிறேன். கைகள் மட்டும் இன்னும் இறுகத்தான் செய்கின்றன.