வெள்ளைப் பக்கத்தில் ஒரு பட்டன்

தொம்மலூர் அலுவலகத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அக்காவுக்கு ஒருமுறை விளக்கினேன். மொபைல் ஆப்பில் வருகிற பட்டன், பட்டியல், தலைப்பு எல்லாவற்றையும் ஆப்பிலிருந்து பிரித்தெடுத்து, ஒரு வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொன்றாகத் தனியே வைத்துச் சோதிப்பேன். அமுக்கினால் நிறம் மாறுகிறதா, பெயர் நீளமானால் வெட்டுப்படுகிறதா, எழுத்தைப் பெரிதாக்கினால் தாங்குகிறதா என்று பார்ப்பேன். தேறினால் பச்சை டிக்.

"ஒரு பட்டன காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் அமுக்கறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றாள்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எனக்குப் பொறுமை குறைவு. நாலு விஷயம் சேர்ந்து வந்தால் எரிச்சல் வரும். வெள்ளைப் பக்கத்தில் ஒன்றே ஒன்று நின்றால் அதன் குறை தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பினேன். நான் டிக் போட்டதை வேறு யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அல்சூர் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பிரேசர் டவுனில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். என்னை விடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அந்த வருடம் பிள்ளைகளின் வருகையைப் பதிவு செய்ய அவள் பள்ளி எங்கள் ஆப்பையே எடுத்துக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் வாரமே அக்கா சொன்னாள்: "பேருக்கெல்லாம் டிக் போட்டுட்டேன்டா. சேவ் பட்டன்தான் வரல."

"பட்டன் இருக்குக்கா. நான்தானே டெஸ்ட் பண்ணேன்."

மறுநாளும் அதையே சொன்னாள். "மத்த டீச்சருக்கெல்லாம் வருதில்ல? கொஞ்சம் கண்ணத் தொறந்து பாரு" என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சரியாகிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவிலிலிருந்து வந்தவள் ஒரு தாளை நீட்டினாள். "இங்கிலீஷ் சரியா இருக்கா பாரு."

ராஜினாமாக் கடிதம். பார்வையும் ஞாபகமும் முன்போல் இல்லை, வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன்.

அந்த மூன்று வாரமும் வருகையைத் தாளில் எழுதி ஆபீஸ் ரூமில் கொடுத்திருக்கிறாள். தலைமை ஆசிரியை தினமும் எல்லார் முன்னாலும் கன்னடத்தில், "இவத்தூ இல்லவா மேடம்?" என்று கேட்டிருக்கிறார். இன்றைக்கும் இல்லையா என்று.

"எல்லாருக்கும் தெரியற பட்டன் எனக்கு மட்டும் தெரியலடா. புத்தி மழுங்கிப் போச்சு. நாளைக்குப் பசங்க மார்க்க மாத்திப் போட்டுட்டேன்னா? அதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

"போனக் குடு" என்றேன்.

திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றும் கட்டை விரல் அளவு இருந்தன. "எப்ப இவ்ளோ பெருசு வச்ச?"

"லீவுல. கண்ணாடி மாத்தணும்னு சொன்னா நீ உடனே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவ."

ஆப்பைத் திறந்தேன். வகுப்பு, பிரிவு, தேதி என்று இரண்டு வரியில் அடங்க வேண்டிய தலைப்பு, பெரிய எழுத்தில் ஐந்து வரியாகியிருந்தது. அது பட்டியலைக் கீழே தள்ள, பட்டியல் பட்டனைத் தள்ள, பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. திரையை எவ்வளவு உருட்டினாலும் பட்டன் மேலே வரவில்லை. மூன்றையும் நான் இதே பெரிய எழுத்தில் சோதித்திருக்கிறேன், தனித்தனியாக. வெள்ளைப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் முழுத் திரையும் கிடைத்தது. தள்ளுவதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

"அப்ப என் மேல தப்பு இல்லையா?"

"இல்லக்கா. பட்டன் நிஜமாவே இல்ல. டிக் போட்டது நான்தான்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நிதானமாக மடித்தாள்.

"தப்பு யாருக்குத்தான் வராது? ஆனா இந்த மூணு வாரத்துல, எங்க காட்டுன்னு இந்தப் போன ஒருவாட்டி கையில வாங்கிப் பாத்தியாடா நீ?"

பார்க்கவில்லை. ஒரு பட்டனை அரை நாள் திருப்பித் திருப்பிப் பார்க்கிற எனக்கு, அவள் போனைப் பார்க்க அரை நிமிடம் இருக்கவில்லை. அவமானமாக இருந்தது. "மன்னிச்சிடுக்கா" என்றேன். அவள் கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

திங்கட்கிழமை காலை நான் போட்ட மூன்று டிக்கையும் நானே எடுத்தேன். மூன்றையும் ஒரே திரையில் சேர்த்து, அக்கா போனில் இருந்த எழுத்தளவை வைத்து, அவள் வகுப்பில் இருப்பதுபோல் ஐம்பத்திரண்டு பெயரும் போட்டுப் பார்க்கும் ஒரு சோதனையை எழுதினேன். ஆப்பைத் திருத்தி வெளியிட வியாழக்கிழமை ஆனது.

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஷூவைக் கூடக் கழற்றாமல், "போனக் காட்டுக்கா" என்றேன். பட்டன் இருந்தது. அன்றைய வருகையை அவள் ஒவ்வொரு பெயராகப் போட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன். கடைசியில் பட்டனை அமுக்கினாள். சேவ் ஆனது. இன்னொரு தடவையும் அமுக்கிப் பார்த்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து, ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, இரண்டாகக் கிழித்தாள்.

"இங்கிலீஷ் நல்லாத்தான் எழுதியிருந்தேன்" என்றாள்.