முட்டை எடுக்கிற கை

நாமக்கல்லில் ஹிப்-ஹாப் டீஜே வகுப்பில் நான் சேர்ந்து ஆறு மாதம்; என்னோடு படிக்கிற ஓர் அம்மா சேர்ந்து இரண்டே வாரம். கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கிறவர். சேலைமேல் போட்ட ஆம்பளைச் சட்டையோடு அப்படியே வருவார். இசைத்தட்டைத் தொடுமுன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். பிறகு தட்டை முன்னும் பின்னும் அசைத்தால், தாளம் பிசகாமல் ஸ்கிராட்ச் என்கிற அந்தக் கீறல் ஒலி விழும். நான் அசைத்தால் தட்டின்மேல் ஓடும் ஊசிதான் எகிறும்.

ஒருநாள் வயிறெரிந்து கேட்டேன்: "எங்கீங்க பழகுனீங்க?"

"பழகறதுக்கு என்னங்க இருக்குது? நீங்க அழுத்தறீங்க சாமி. முட்டைய எடுக்கறாப்பல தொடுங்க."

யாரும் இல்லாதபோது அப்படித் தொட்டுப் பார்த்தேன். ஸ்கிராட்ச் உடனே வந்துவிட்டது.

ஆனாலும் அவர் எதிரில் நான் இன்றுவரை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.