சலோமி அக்காவின் பிடியரிசி

கம்பெனியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கிருபா போனில் அழுதாள். "அங்கிள், அம்மா போயிட்டாங்க." டம்ளரை எங்கே வைத்தேன் என்றுகூடத் தெரியவில்லை.

கிருபாவின் தாயார் சலோமி அக்கா, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையின் கேன்டீனில் சமைத்தவர்கள். எங்கள் சபையில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்போம். ஞாயிறன்று ஆலயத்தில் சேரும் அந்த அரிசியை விற்று, ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டு ஏழைச் சபை ஒன்றுக்குக் கூரை போட அனுப்பிவந்தோம். அந்தப் பொறுப்பு என்னுடையது.

புதிதில் அக்கா கொண்டுவந்த அரிசியில் ஒரு கல், ஒரு நெல் இருக்காது. ஏன் இத்தனை சிரமம் என்று கேட்டேன்.

"அந்த ஊரு புள்ளைங்க பல்லுல கல்லு மாட்டிக்கினா இன்னா பண்றது தம்பி?"

அரிசியே கப்பலேறிப் போகிறது என்று அக்கா நினைத்திருக்கிறார்கள்! இங்கேயே விற்றுவிடுவதைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. ஆனால் அடுத்த ஞாயிறும் அதே சுத்தம். "வாங்கிக்கினு போறவங்களுக்கும் பல்லு கீதில்ல?" என்றார்கள்.

ஆலை மூடி வேலை போனபோது, "கொஞ்ச நாள் நிறுத்துங்க அக்கா" என்றேன். வந்ததே கோபம்! "நம்ம கோயில் கட்ட எங்கியோ இருந்து காசு குட்த்தவங்க, நம்ம மூஞ்சியப் பாத்தா குட்த்தாங்க? நீ உன் வேலயப் பாரு." அந்த ஞாயிறும் அக்காவின் அரிசியை வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் கூரை முடிந்ததாகச் செய்தி வந்தது. அக்கா என்னிடம் முதன்முறையாக ஒன்று கேட்டார்கள். "அந்தக் கூரைக்குக் கீய அவங்க பாடறத ஒரு தபா கேக்கணும் தம்பி." வீடியோ காலில் காட்டுவதாகச் சொல்லி ஒரு ஞாயிறு குறித்தேன். ஓவர்டைம் வந்தது, தள்ளிவைத்தேன். மறு ஞாயிறும் தள்ளினேன். "பரவால்ல தம்பி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார்கள். அந்த வாரம் வருவதற்குள் மாரடைப்பு.

அடக்கம் முடிந்த ஞாயிறு, கிருபாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மலாவிப் போதகரை வீடியோ காலில் கூப்பிட்டு, அக்கா போய்விட்டதைச் சொன்னேன். தம் ஜனங்களும் அக்காவைப் பார்க்க ஆசையாகக் காத்திருந்ததாகச் சொன்னார். பிறகு அந்தக் கூரையின்கீழ் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

அக்கா, அவர்கள் பாடினார்கள். மொழி தெரியவில்லை. நடுவே 'சலோமி' என்று உங்கள் பெயர் மட்டும் புரிந்தது. கிருபா போனை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரே ஒரு ஞாயிறு நான் லீவு போட்டிருக்கலாம். கேட்க நீங்கள் இல்லையே அக்கா. சமாதானத்தோடு போய் வாருங்கள்.